ஒரே ஸ்டுடியோ, இரண்டு வேட்பாளர்கள்

2001 நவம்பர் 6 அன்று அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரம் மேயர் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டது. களத்தில் மிஞ்சி நின்றவர்கள் இருவர். ஒருவர் பதவியில் இருந்த சார்லி லூக்கன். அவரை எதிர்த்தவர் கோர்ட்டிஸ் ஃபுல்லர். இருவருமே டபிள்யூ.எல்.டபிள்யூ.டி. என்ற ஒரே உள்ளூர்ச் சேனலில் செய்தி வாசித்தவர்கள். சாயங்காலம் டிவியைப் போட்டால் வந்த முகங்கள் இரண்டில் எது உங்களுக்கு மேயர் என்று வாக்குச்சீட்டு கேட்டதைப் போலிருந்தது. செய்தி வாசிப்பாளர் ஒருவர் அரசியலுக்கு வந்து ஜெயித்தால் நாம் உடனே ஒரு காரணம் சொல்லிவிடுகிறோம்: தெரிந்த முகம், ஜனங்கள் ஓட்டுப் போட்டுவிட்டார்கள். இது முழுப் பொய் இல்லை. ஆனால் முகம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி செல்லுபடியாவதில்லை; ஒரே தேர்தலில்கூட முதல் சுற்றில் எடுபட்ட முகம் இரண்டாம் சுற்றில் எடுபடாமல் போகிறது. அது எங்கே எடுபடும், எதுவரை எடுபடும் என்பதை முகத்தின் களையையும் குரலின் கனத்தையும்விட அந்த ஊரின் தேர்தல் விதிதான் அதிகமாகத் தீர்மானிக்கிறது. இதற்குச் சின்சினாட்டியைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

அந்த ஊரில் கவுன்சிலுக்கும் ஸ்டுடியோவுக்கும் இடையே போக்குவரத்து வெகுநாளாக இருந்தது. ஜெர்ரி ஸ்ப்ரிங்கர் என்றதும் மேடையில் நாற்காலி பறக்கும் டாக் ஷோதான் உலகத்துக்கு நினைவு வரும். சின்சினாட்டிக்காரர்களுக்கு அவர் முதலில் ஒரு கவுன்சிலர். 1971இல் தேர்வானார், 1974இல் விலகினார். ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கி மாநிலத்தில் பாலியல் தொழிலாளி ஒருவருக்கு அவர் செக் எழுதிக் கொடுத்திருந்த விஷயம் வெளியே வந்துவிட்டது. (இந்தக் காரியத்துக்குச் சொந்தக் கையெழுத்துப் போட்டுச் செக் கொடுக்கும் அளவுக்கு வெள்ளந்தியாக ஓர் அரசியல்வாதி இருந்திருக்கிறார் என்பதே ஆச்சரியம்.) அடுத்த ஆண்டே ஊர் அவரை மன்னித்துத் திரும்பத் தேர்ந்தெடுத்தது. 1977இல், 33 வயதில், மேயரானார். 1982இல் கவர்னர் பதவிக்குக் கட்சிக்குள் நடந்த போட்டியில் தோற்றபின் அதே டபிள்யூ.எல்.டபிள்யூ.டி.க்குப் போய் முதலில் கருத்துரை வழங்கினார், பிறகு செய்தி வாசித்தார். டாக் ஷோ 1991இல்தான் வந்தது. லூக்கனின் கதையும் ஏறக்குறைய இதே தடம்: 1980களில் மேயர், 1991 முதல் 1993 வரை நாடாளுமன்றத்தின் கீழவை உறுப்பினர், அதன்பின் செய்தி வாசிப்பாளர், 1999இல் மறுபடி மேயர். ஆக, டிவியிலிருந்து அரசியலுக்குத் தாவினார்கள் என்று இதை ஒருவழிப் பயணமாகச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஊரை அறிந்தவர், ஊர் அறிந்தவர் என்ற இரண்டும் சேர்ந்த ஆள் சேனலுக்கும் வேண்டியிருந்தது, கட்சிக்கும் வேண்டியிருந்தது.

ஏன் குறிப்பாக இந்த ஊரில்? விடை டிவி வருவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சின்சினாட்டியை ஆட்டிப் படைத்தவர் ஜார்ஜ் காக்ஸ் என்ற கட்சிப் பெரும்புள்ளி. மதுக்கடை நடத்தியவர், மேயர் நாற்காலியில் உட்காராமலேயே மேயர்களை உருவாக்கியவர். அவருடைய பலம் வார்டில் இருந்தது. ஒவ்வொரு வார்டிலும் ஒரு கட்சி ஆள், அவர் கையில் சில வேலைகள், அந்த வேலைகளுக்கு ஈடாக ஓட்டு. இந்த இயந்திரத்தை உடைக்கவே 1924இல் வாக்காளர்கள் நகரச் சாசனத்தை மாற்றினார்கள். வார்டு வாரியான பெரிய கவுன்சில் போயிற்று. ஒன்பதே பேர் கொண்ட கவுன்சில் வந்தது. ஒன்பது பேரையும் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுக்கும். வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது, சின்னமும் கிடையாது. அன்றாட நிர்வாகம் நகர மேலாளர் ஒருவரிடம் போனது. நம் மாநகராட்சி ஆணையரைப் போன்ற பதவி. ஆனால் அவரை மாநில அரசு அனுப்புவதில்லை, கவுன்சிலே தேடிப் பிடித்துச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறது. மேயர் என்பவர் அன்று அந்த ஒன்பது பேரில் ஒருவர், அவ்வளவே.

சீர்திருத்தக்காரர்கள் நினைத்தது நடந்தது. வார்டுப் பெரும்புள்ளிகள் ஒழிந்தார்கள். நினைக்காததும் நடந்தது. 1957க்குப் பின் ஒவ்வொரு வாக்காளரும் நீளமான ஒரு பெயர்ப் பட்டியலைப் பார்த்து ஒன்பது பேர்வரை குறி போடும் முறை வந்தது. சற்று நினைத்துப் பாருங்கள். கட்சியின் பெயர் எங்கும் இல்லை. உங்கள் தெருவுக்கு என்று தனி உறுப்பினரும் இல்லை. பட்டியலில் உள்ளவர்களில் மூன்று நான்கு பேரைப் பற்றி உங்களுக்கு ஏதோ தெரியும். மீதி ஐந்து குறிகளை எங்கே போடுவீர்கள்? எங்கேயோ கேட்ட பெயரில்தான். அந்தப் பெயரைக் கேட்க வைக்க ஒரு வேட்பாளருக்கு மூன்று வழிகள் இருந்தன: பணம், குடும்பம், தொலைக்காட்சி. 1920களில் கட்சி இயந்திரத்தை ஒழிக்க எழுதிய விதி, அரை நூற்றாண்டு கழித்துச் செய்தி வாசிப்பாளருக்கு வாசலைத் திறந்துவிட்டது. வேடிக்கைதான், ஆனால் இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை.

இங்கே வழக்கமான ஆட்சேபம் ஒன்று வரும். அறிமுகம் ஒரு தகுதியா? எழுதிக் கொடுத்ததை நன்றாக வாசித்தவரிடம் குடிநீர்க் கட்டணத்தையும் குப்பை ஒப்பந்தத்தையும் கொடுப்பதா? கேள்வி நியாயம்தான். ஆனால் அதைச் செய்தி வாசிப்பாளரிடம் மட்டும் கேட்பதில் நியாயம் இல்லை. சார்லி லூக்கன் திரையில் தோன்றுவதற்கு முன்பே லூக்கன் என்ற பெயர் ஊரில் நிலைத்துவிட்டது. அவருடைய தந்தையும் மேயராக இருந்தவர், சித்தப்பா பெரியப்பா வகையிலும் ஒரு மேயர் உண்டு. 1950களில் மேயராக இருந்த சார்லஸ் டாஃப்ட், அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த வில்லியம் ஹோவர்ட் டாஃப்டின் மகன். பிறப்பால் வந்த பெயருக்கு ஒரு தகுதிச் சான்றும் கேட்காத நாம், பல வருடம் தினமும் வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பெயருக்கு மட்டும் சான்று கேட்பது ஏன்? கேட்டால் எல்லாரிடமும் கேட்க வேண்டும். இல்லையென்றால், பெயரை மட்டும் பார்த்து ஓட்டுப் போடும்படி வாக்காளரைக் கொண்டுபோய் நிறுத்தும் அந்தச் சீட்டைக் கேள்வி கேட்க வேண்டும்.

சரி, முகம் எதுவரை போகும்? 2001ஆம் ஆண்டு அதற்கு ஒரு சோதனையை ஏற்பாடு செய்ததைப் போல அமைந்தது. அந்த ஏப்ரல் 7 அதிகாலை, ஓவர்-த-ரைன் என்ற பகுதியில் திமோத்தி தாமஸ் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்றார். அந்த இளைஞர் கையில் ஆயுதம் இல்லை. அவர்மேல் இருந்த வாரண்டுகள் பெரும்பாலும் போக்குவரத்து விதிமீறல்களுக்கானவை. 1995க்குப் பிறகு அந்த நகரப் போலீசாரால் உயிரிழந்த பதினைந்தாவது கறுப்பின ஆண் அவர். இரண்டு நாள் கழித்து நகர மன்றக் கட்டடத்தில் கவுன்சில் குழுவின் கூட்டம் நடந்தபோது, பிள்ளையை இழந்த தாயும் ஊர்க்காரர்களும் உள்ளே வந்து பதில் கேட்டு நின்றார்கள். பதில் சொல்ல யாராலும் முடியவில்லை. அன்று மாலை தொடங்கிய கலவரம் பல நாள் நீடித்தது. ஏப்ரல் 12 அன்று லூக்கன் அவசரநிலையும் ஊரடங்கும் அறிவித்தார். கேமரா முன் பதறாமல் பேசும் பழக்கம் அப்படி ஒரு வாரத்தில் மேயருக்குக் கைகொடுக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கூட்டம் கேட்டது வார்த்தையை அல்ல. போலீஸ் தலைமை அதிகாரியை மாற்றுவீர்களா, மாட்டீர்களா என்று கேட்டது. அந்தப் பதவிக்கு அப்போது சிவில் சர்வீஸ் பாதுகாப்பு இருந்தது. மேயர் நினைத்தாலும் முடியாது, நகர மேலாளர் நினைத்தாலும் எளிதில் முடியாது. நகரம் முழுக்க முகம் தெரிந்த ஒருவர், நகரம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அதிகாரம் இல்லாமல் நின்றார்.

அந்த வருடம் இன்னொன்றும் மாறியிருந்தது. கவுன்சில் தேர்தலில் அதிக ஓட்டு வாங்குபவரே மேயர் என்ற பழைய முறையை 1999இல் வாக்காளர்கள் கைவிட்டு, மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கொண்டுவந்திருந்தார்கள். அதன்படி நடந்த முதல் தேர்தல் 2001இல். முதல் சுற்றில் முதலிரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பரில் மோதுவார்கள். அந்த முதல் சுற்று நடந்த நாள் செப்டம்பர் 11. ஆமாம், உலகம் மறக்காத அதே செப்டம்பர் 11. அன்று ஓட்டுச்சாவடிக்குப் போனவர்கள் சொற்பம். போனவர்களில் பாதிக்கு மேல் ஃபுல்லருக்குப் போட்டார்கள்; லூக்கன் நாற்பது சதவீதத்தைத் தொடவில்லை. நவம்பரில் நிலைமை தலைகீழ். லூக்கன் சுமார் 55 சதவீதம் வாங்கி ஜெயித்தார், ஃபுல்லருக்குச் சுமார் 45. இரண்டு பேரும் ஒரே சேனலின் முகங்கள் என்பதால் அறிமுகம் என்ற கணக்கு இரண்டு பக்கமும் கழிந்துபோனது. கழிந்தபின் மிஞ்சியது ஊரின் பழைய பிளவு: ஃபுல்லர் கறுப்பினத்தவர், கறுப்பின வாக்காளர் மிகப் பெரும்பான்மை அவர் பக்கம், வெள்ளையர் பகுதிகள் பெருமளவு லூக்கன் பக்கம். ஏப்ரல் மாதத்தை எந்தத் தெருவிலிருந்து பார்த்தார்கள் என்பது ஓட்டைத் தீர்மானித்தது. பல வருடம் இரண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த அதே செய்தி, அந்தத் தெருக்களை ஒன்றாக்கியிருக்கவில்லை. செய்தி வாசிப்பாளர்மேல் ஊர் வைக்கும் நம்பிக்கையை நாம் சற்று அதிகமாகவே மதிப்பிடுகிறோம் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

அதன்பின் அங்கே நடந்த உண்மையான மாற்றமும் கேமராவுக்குப் பின்னால்தான் நடந்தது. அதே நவம்பரில் போலீஸ் தலைவரின் சிவில் சர்வீஸ் பாதுகாப்பை நீக்கும் சாசனத் திருத்தத்தை வாக்காளர்கள் ஏற்றார்கள். கூட்டாட்சி நீதிபதி ஒருவரின் மேற்பார்வையில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நகரவாசிகளிடம் கருத்துக் கேட்டு, போலீஸ் சங்கமும் கறுப்பின அமைப்பும் சிவில் உரிமை வழக்கறிஞர்களும் நகர நிர்வாகமும் ஒரே மேஜையில் உட்கார்ந்து 2002 ஏப்ரலில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். போலீசார் எப்போது பலத்தைப் பயன்படுத்தலாம், புகாரை யார் விசாரிப்பது என்று வரிவரியாகப் பேசித் தீர்த்த வேலை அது. மாலைச் செய்தியில் இதற்கு இரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம்.

இவ்வளவும் கேட்டபின், அப்படியானால் செய்தி வாசிப்பாளரின் தொழில் நகர அரசியலில் எதற்குமே உதவாதா என்று கேட்கலாம். உதவும், ஓக்லஹோமா சிட்டியைப் பாருங்கள். மிக் கார்னெட் அங்கே உள்ளூர் டிவியில் விளையாட்டுச் செய்தியும் பொதுச் செய்தியும் வழங்கியவர். நகர மன்றக் கூட்டங்களில் உட்கார்ந்து செய்தி சேகரித்தவரும்கூட. இந்தக் கடைசி விவரம் முக்கியம். ஸ்டுடியோவில் வாசிப்பது வேறு. நில வகை மாற்றம் கேட்டு வந்த மனு, கழிவுநீர்க் குழாய் டெண்டர் என்று ஒவ்வொன்றாக வாசித்து ஓட்டெடுக்கும் கூட்டத்தில் கொட்டாவியை அடக்கிக்கொண்டு குறிப்பெடுப்பது வேறு. 2001இல் கவுன்சிலரானார், 2004இல் மேயரானார், 2018 வரை நான்கு முறை தொடர்ந்தார். அங்கேயும் நகர மேலாளர் ஆட்சிதான். மேயருக்குக் கவுன்சிலில் ஒரே ஒரு ஓட்டு. அவர் காலத்தில் ஆண்டுச் சம்பளம் 24,000 டாலர். ஆணையிட அதிகாரம் இல்லாத பதவியில் கையில் இருப்பது பேச்சு ஒன்றுதான். பேசிப் பிழைத்தவருக்கு அதைவிடப் பொருத்தமான நாற்காலி எது?

2007 டிசம்பர் 31 அன்று கார்னெட் நகர உயிரியல் பூங்காவுக்குப் போய், யானைகள் இருக்கும் இடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, இந்த நகரம் டயட் இருக்கப் போகிறது என்று அறிவித்தார். அமெரிக்காவின் குண்டான நகரங்கள் என்று பத்திரிகை போட்ட பட்டியலில் ஊர் இடம்பிடித்திருந்தது. தன் எடையும் கூடிவிட்டதை அவரே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தார். ஊர் மொத்தமாகப் பத்து லட்சம் பவுண்டு எடை குறைக்க வேண்டும் என்பது இலக்கு. யானைக்கு முன்னால் எடை பற்றிப் பேசினால் எல்லாச் சேனலும் போடும் என்று தெரிந்திருப்பது சாதாரண கவுன்சிலருக்கு வராத தொழில்நுட்பம். இது வெறும் வித்தையாக முடிந்திருந்தால் இங்கே எழுத வேண்டியதில்லை. 2009 டிசம்பரில், பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரத்தில், ஒரு டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரியை ஏழே முக்கால் ஆண்டு கட்ட ஊர் வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டது. 77 கோடியே 70 லட்சம் டாலர் திட்டம். நடைபாதைகள், சைக்கிள் தடங்கள், முதியோருக்கான உடல்நல மையங்கள், டிராம், நகர நடுவே 70 ஏக்கர் பூங்கா. கடன் வாங்காமல், வரி வர வரக் கட்டினார்கள். நடக்க இடமில்லாத ஊரில் நடைபாதை கேட்பதற்கான பேச்சை இரண்டு வருடம் முன்பே யானைக் கூடத்தில் அவர் தொடங்கிவிட்டார் என்றே நான் இதைப் படிக்கிறேன். ஆனால் இந்தப் பாணியில் விற்பனை வரி போட்டு ஊரைக் கட்டும் பழக்கம் அவர் கண்டுபிடித்ததல்ல. 1993இலேயே வேறொரு மேயர் காலத்தில் தொடங்கியது. நம்பிக்கை ஊருக்கு ஏற்கெனவே இருந்தது, அதைப் புதுப்பிக்க அவருக்குத் தெரிந்திருந்தது.

என் வாதத்தில் ஓட்டை இருப்பதாக இங்கே ஒருவர் சொல்லலாம். ஓக்லஹோமா சிட்டியில் வார்டு முறை உண்டே. கார்னெட் முதலில் ஜெயித்தது ஒரு வார்டில்தானே? உண்மைதான். ஆனால் அந்த வார்டின் அளவைப் பார்க்க வேண்டும். 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள், எட்டே வார்டுகள். ஒன்றுக்கு அறுபதாயிரம் பேருக்கு மேல். நகரத்தின் பரப்போ அறுநூறு சதுர மைலைத் தாண்டும். வீடுகள் அவ்வளவு விலகி நிற்கும் இடத்தில் படியேறி ஓட்டுக் கேட்பதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. அங்கும் கட்சிப் பெயர் இல்லாத சீட்டுதான். வார்டு சிறியதாக, தெருமுனை ஆள் எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவில் இருக்கும்போதுதான் டிவி முகத்துக்கு எதிரே இன்னொரு முகம் முளைக்கிறது.

அதே கார்னெட் 2018இல் மாநில கவர்னர் பதவிக்குக் குடியரசுக் கட்சிக்குள் போட்டியிட்டார். பலர் நின்ற முதல் சுற்றில் அவர்தான் முதலிடம். இரண்டு பேர் மட்டும் மோதிய இரண்டாம் சுற்றில், அரசியலுக்குப் புதியவரான தொழிலதிபர் கெவின் ஸ்டிட்டிடம் சுமார் 45 சதவீதத்தோடு தோற்றார். சின்சினாட்டியில் ஃபுல்லருக்கு நேர்ந்ததும் இதே வரிசை, கிட்டத்தட்ட இதே சதவீதம். இரண்டு தேர்தலை வைத்து விதி எழுதக் கூடாது. ஆனாலும் பொருள் புரிகிறது: கூட்டத்தில் ஒருவரைப் பொறுக்கச் சொன்னால் தெரிந்தவரை எடுக்கிறோம், இவரா அவரா என்று கேட்டால் எந்தப் பக்கம் என்று யோசிக்கிறோம்.

வாக்காளர் யோசிப்பதற்கு முன்பே சட்டம் குறுக்கே நிற்கும் இடம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டு தகவல் தொடர்புச் சட்டப்படி, ஒரு நிலையம் வேட்பாளர் ஒருவருக்கு ஒலிபரப்பில் இடம் கொடுத்தால் எதிர்வேட்பாளர்களுக்கும் சம வாய்ப்புத் தர வேண்டும். 1959இல் சிகாகோ மேயர் தேர்தலில் லார் டேலி என்ற ஒருவர் நின்றார்; அங்கிள் சாம் வேஷம் கட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டவர். மேயர் ரிச்சர்ட் டேலியைச் செய்தியில் காட்டினீர்களே, எனக்கும் அதே நேரம் கொடுங்கள் என்றார். ஒலிபரப்பை மேற்பார்க்கும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் அவர் சொன்னது சரி என்றுவிட்டது! நாடாளுமன்றம் பதறிப்போய் அந்த ஆண்டே செய்திக்கு விலக்குக் கொடுத்தது. அப்படியானால் செய்தி வாசிப்பவரே வேட்பாளரானால் அந்த விலக்கு அவருக்கும் உண்டா? 1984இல் கலிஃபோர்னியாவின் லூமிஸ் என்ற சிற்றூர் மன்றத்துக்கு நிற்க விரும்பிய வில்லியம் பிரான்ச் என்ற டிவி செய்தியாளர் இதைத்தான் கேட்டார். அவர் வேலை பார்த்த சாக்ரமென்டோ நிலையம் போட்ட கணக்குப்படி, எதிர்வேட்பாளர்களுக்குச் சுமார் 33 மணி நேரம் கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு பெரிய வட்டாரமே பார்க்கும் சேனலில், ஒரு சிற்றூரின் வேட்பாளர்கள் 33 மணி நேரம் என்ன பேசியிருப்பார்களோ! ஊதியமில்லா விடுப்பில் போங்கள் என்றது நிலையம். அவர் நிற்கவில்லை, வழக்குப் போட்டார். 1987இல் நீதிபதி ராபர்ட் போர்க் எழுதிய தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. விலக்கு, செய்தியாக ஆகும் வேட்பாளருக்குத்தான். செய்தி சொல்லும் வேட்பாளருக்கு இல்லை என்பது சாரம்.

தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். தேர்தல் நேரத்தில் தினமும் வீட்டுக்குள் வந்து வணக்கம் சொல்பவர், பிரசாரமே செய்யாவிட்டாலும் பிரசாரம் செய்கிறார். ஆனால் அதன் சுமை எல்லார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. கையில் சேமிப்பும் பின்னால் குடும்பப் பெயரும் உள்ளவர் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் இருந்து பார்க்கலாம். சம்பளத்தை நம்பி இருக்கும் செய்தியாளருக்கு அது முடியாது. தோற்றுத் திரும்புவதிலும் சிக்கல் உண்டு. ஃபுல்லர் தோற்றபின் மறுபடி தன் பழைய சேனலுக்கே வந்து சேர்ந்தார். நகர மன்றச் செய்தியை அப்படி ஒருவர் வாசிக்கும்போது, நேற்று அவரைத் தோற்கடித்தவரின் ஆதரவாளர் அதை எந்தக் காதால் கேட்பார் என்ற கேள்விக்குச் சட்டத்தில் பதில் இல்லை. அதைச் சேனல்கள்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்: எந்தச் செய்தியை அவரிடம் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை இப்போது வேறு பக்கம் திறந்திருக்கிறது. சம வாய்ப்பு விதி ஒலிபரப்பு நிலையங்களையும் கேபிளையும் குறிவைத்து எழுதப்பட்டது. இணைய வீடியோவை அது தொடுவதில்லை. உள்ளூர்ச் செய்தியைப் போனில் பார்க்கும் ஊரில், நகரச் செய்திக்கென்று யூடியூப் சேனல் நடத்துபவர் கவுன்சிலுக்கு நின்றால், ஓட்டுப்பதிவு நாள் காலைவரை அவர் தினமும் செய்தி வாசித்துக்கொண்டிருக்கலாம். எதிர்த்து நிற்பவர் கேட்டு வாங்கிக்கொள்ள, அந்தச் சட்டத்தில் ஒரு நிமிடம்கூட இல்லை.